கதிரையில் இருந்து எறியும் பரிதிவட்டம்: கிளாடினி பட்டிஸ்டா வந்த வழி

சாவகச்சேரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காலை முழங்காலுக்கு மேல் இழந்த அவருடைய தம்பிக்கு இப்போது இருபத்தேழு வயது. பாடசாலைக் காலத்தில் பரிதிவட்டம், அதாவது வட்டத் தட்டு, எறிந்தவர். பாரிஸ் பராலிம்பிக்கில் பிரேசில் நாட்டவர் ஒருவர் கதிரையில் இருந்தபடியே எறிந்து தங்கம் வென்ற காணொளியைப் பார்த்த நாளிலிருந்து அதே நினைவாக இருக்கிறாராம். அந்த மனிதர் யார், எப்படி அந்த இடத்துக்கு வந்தார், இருபத்தேழு வயது பிந்திவிட்டதா, கைப்பலம் மட்டும் போதுமா, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைத் தொடங்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் பல காலமாக யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிப் பாடசாலைகளில் எறிதல் நிகழ்ச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தும் நடுவராக நின்றும் வந்தவன். அந்த வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வயதைப் பற்றிய கேள்விக்கு அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. அவர் பெயர் கிளாடினி பட்டிஸ்டா டோஸ் சான்டோஸ். 1978 நவம்பரில் பிறந்தவர். 2005இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காலை இழந்தபோது அவருக்கு வயது 26. உங்கள் தம்பியைவிட ஒரு வயதுதான் குறைவு. அவருடைய முதல் பராலிம்பிக் பதக்கம் 2012இல் லண்டனில் கிடைத்தது. அப்போது வயது 33. முதல் தங்கம் 2016இல் சொந்த நாட்டில், ரியோவில், வயது 37. அடுத்த தங்கம் டோக்கியோவில், 42 வயதில். மூன்றாவது 2024இல் பாரிஸில், 45 வயதில். மூன்று தங்கமும் பரிதிவட்டத்தில், எஃப் 56 என்ற ஒரே வகுப்பில் (உடலின் இயக்கத்தை வைத்துப் பிரிக்கும் இந்த வகுப்புகளைப் பின்னால் விளக்குகிறேன்). தூரத்தையும் பாருங்கள்: ரியோவில் 45.33 மீற்றர், டோக்கியோவில் 45.59, பாரிஸில் 46.86. நாற்பதைத் தாண்டிய பிறகும் தூரம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. 2025இல் புதுடில்லியில் நடந்த உலகப் போட்டியிலும் அவர்தான் முதலிடம்.

நின்று ஓடிச் சுழலும் விளையாட்டில் இப்படி நடப்பது அபூர்வம். கதிரையில் இருந்து எறிவதில் நடக்கிறது. ஏன் என்பதுதான் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது. பத்திரிகைகள் பட்டிஸ்டாவைப் பற்றி எழுதும்போது விபத்தைப் பற்றி நான்கு பந்தி எழுதிவிட்டு, எறிதலைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றன. வாசிப்பவர் மனத்தில் ஒரு துயரக் கதைதான் தங்குகிறது. உங்கள் தம்பிக்கு அந்தக் கதை வேண்டியதில்லை, அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்கு வேண்டியது எறிதலின் நுட்பம்.

பாடசாலையில் அவர் எறிந்த முறையை நினைவுபடுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டரை மீற்றர் விட்டமுள்ள வளையத்தின் பின்பக்கம் முதுகைக் காட்டி நின்று, ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, முன்விளிம்புக்கு வந்து எறிகிறோம். அந்தத் தூரத்தில் பெரும்பங்கைக் கால்களும் இடுப்பும்தான் சம்பாதித்துத் தருகின்றன. கை கடைசியில் வந்து முடித்து வைக்கிறது. கதிரையில் இருந்தால் அந்தச் சுழற்சி முழுவதும் இல்லாமல் போகிறது. தட்டு கையில் எடுக்கும் பாதை சுருங்கிவிடுகிறது, அந்தச் சுருங்கிய பாதைக்குள்ளேயே அதற்கு முழு வேகமும் கொடுத்தாக வேண்டும்.

அதனால் வலக்கைக்காரர் ஒருவர் கதிரையில் செய்வது வேறொரு வேலை. கதிரையோடு பொருத்திய இரும்புத் தடி ஒன்றை இடது கை பிடித்திருக்கும். மார்பு வலப்பக்கமாகப் பின்னோக்கித் திரும்பும். வலது கை தோளுக்குப் பின்னால் முழுநீளத்துக்கு நீண்டு, தட்டு விரல்களின் கடைசிக் கணுக்களில் மட்டும் தொங்கும். ஒன்றிரண்டு தரம் முன்னும் பின்னும் வீசித் தாளம் பிடித்த பிறகு, முதலில் இடது கை தடியை இழுக்கும், அடுத்து விலாவும் வயிறும் திரும்பும், அதற்குப் பிறகே தோள், எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தட்டு. இந்த வரிசை குலைந்து கை முந்திவிட்டால், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தட்டு தள்ளாடிக்கொண்டு பக்கத்தில் போய் விழும். கைப்பலம் மட்டும் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. கால் செய்த வேலையை இப்போது தடியைப் பிடித்த கையும் உடலின் நடுப்பகுதியும் செய்கின்றன. அந்த வேலையைப் பழகி முதிர்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். வேகமான கால்கள் வேண்டாத விளையாட்டு ஆகையால், நாற்பது வயதிலும் அந்த முதிர்ச்சி வீண்போவதில்லை.

இதற்கு இன்னொரு சான்று இந்தியாவின் யோகேஷ் கதுனியா. நம் பக்கத்தில் இவரைப் பலருக்குத் தெரியும். 1997இல் அரியானாவில் பிறந்தவர். ஒன்பது வயதில் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்து கைகால் செயலிழந்தார். தாய் மீனா தேவி தானே உடற்பயிற்சிச் சிகிச்சை கற்று, பிள்ளைக்கு நாள்தோறும் செய்து, சில ஆண்டுகளில் அவரை மீண்டும் நடக்க வைத்தார். யோகேஷ் 2016இல் டில்லியில் கல்லூரியில் படிக்கும்போதுதான் பரா விளையாட்டுக்கு வந்தார். 2018இல் பெர்லினில் 45.18 மீற்றர் எறிந்து உலக சாதனை படைத்தார். அது எஃப் 36 வகுப்பில், நின்று எறியும் போட்டியில். பிறகு அவர் எஃப் 56க்கு மாற்றப்பட்டார். அதாவது, நின்று எறிந்து உலக சாதனை செய்த ஒருவர் கதிரையில் இருந்து முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. 2019இல் டுபாயில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம், 2021இல் டோக்கியோவில் 44.38 மீற்றருடன் வெள்ளி, பாரிஸில் 42.22 மீற்றருடன் மறுபடியும் வெள்ளி.

டோக்கியோவில் அவருக்கும் பட்டிஸ்டாவுக்கும் இடையே இருந்த தூரம் 1.21 மீற்றர். பாரிஸில் அது 4.64 மீற்றர் ஆகிவிட்டது. பதினெட்டு ஆண்டு இளையவர் பின்தங்குகிறார், மூத்தவர் முன்னே போகிறார். யோகேஷைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு பராலிம்பிக்கில் வெள்ளி வெல்வது இலேசான காரியமா? ஆனால் அவருடைய எறிதல்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. டோக்கியோவில் அவருடைய சிறந்த தூரம் ஆறாவது, கடைசி எறிதலில் வந்தது. பாரிஸில் அது முதலாவது எறிதலிலேயே வந்துவிட்டது, பிறகு கூடவில்லை. கதிரைப் போட்டியில் ஒருவர் தனக்குரிய ஆறு எறிதல்களையும் தொடர்ச்சியாக எறிந்து முடிக்க வேண்டும். மற்றவர் எறியும்வரை ஓரமாக உட்கார்ந்து, நீர் குடித்து, யோசித்துத் திருத்தும் வசதி இல்லை. பிழை எங்கே என்று கண்டுபிடித்து அடுத்த நிமிடத்திலேயே திருத்தத் தெரிந்தவருக்கே அந்த ஆறும் பயன்படும். பட்டிஸ்டாவின் பெரிய பலம் அதுதான் என்பது என் கணிப்பு. கதிரை அனுபவம் கூடக்கூட அந்தப் பலமும் கூடும்.

டோக்கியோவின் அந்த நாளை, 2021 ஆகஸ்ட் 30ஐ, இலங்கையர் மறந்திருக்க மாட்டார்கள். பட்டிஸ்டாவும் யோகேஷும் எறிந்த அதே நாளில்தான் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் இலங்கையின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை வென்றார். அன்று மாலையே சமித துலான் இன்னொரு ஈட்டிப் போட்டியில் வெண்கலம் பெற்றார். பாரிஸில் அவர் அதை வெள்ளியாக உயர்த்திக்கொண்டார்.  

தினேஷும் சமிதவும், அவர்களுக்கு முன் 2012இல் வெண்கலம் வென்ற பிரதீப் சஞ்சயவும் இராணுவத்தினர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் உழைத்து வென்றவர்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் மாதச் சம்பளம் இருந்தது, மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார். வடக்கில் ஷெல்லாலும் கண்ணிவெடியாலும் கால் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் அவர்களுக்குக் கால் செய்து கொடுத்து நடக்க வைத்திருக்கிறது. அது பெரும் சேவை. நடந்த பிறகு எறிவதற்கு ஒரு கதிரையும், அதை நிறுத்த ஒரு வளையமும், பக்கத்தில் நிற்க ஒரு பயிற்றுநரும் நம் மைதானங்களில் இல்லை. எறியக்கூடிய தோள்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன என்று தெரிந்தும் அவை வீணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கமுடியாத விடயம். அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்தது வகுப்பு. இதைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் இறங்கினால் மனம் உடைந்துபோகும். கதிரையில் இருந்து எறிபவர்களுக்கு எஃப் 51 முதல் 57 வரை வகுப்புகள் உண்டு. எண் கூடக்கூட உடலின் இயக்கமும் கூடும். 54இல் கைகள் நன்றாக இயங்கும், உடலின் நடுப்பகுதி இயங்காது. 55இல் நடுப்பகுதியில் ஓரளவு இயக்கம் உண்டு. 56இல் நடுப்பகுதியோடு இடுப்பிலும் தொடையிலும் கொஞ்சம் இயக்கம் இருக்கும். 57இல் அதைவிடக் கூடுதலாக இருக்கும். செயற்கைக் கால் பூட்டி நின்று எறிய விரும்பும், முழங்காலுக்கு மேல் ஒரு கால் இழந்தவருக்கு 63 என்ற வகுப்பு இருக்கிறது.

உங்கள் தம்பி எந்த வகுப்பில் வருவார் என்பதை நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது. அதற்கென்று பயிற்சி பெற்ற வகைப்பாட்டாளர்கள் தசைப் பலத்தையும் மூட்டு இயக்கத்தையும் மிஞ்சிய தொடையின் நீளத்தையும் சோதித்து, போட்டியில் எறிவதையும் பார்த்த பிறகே தீர்மானிப்பார்கள். அவர்களுடைய முடிவும் மாறலாம். டோக்கியோவில் இந்தியாவின் வினோத் குமார் எஃப் 52 பரிதிவட்டத்தில் 19.91 மீற்றர் எறிந்து வெண்கலத்துக்குரிய மூன்றாமிடம் பிடித்தார். மற்றவர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள், அவருடைய இயக்கம் அந்த வகுப்புக்கு உரியதல்ல என்று மறுநாள் தீர்ப்பு வந்தது, பதக்கம் கிடைக்கவில்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பராலிம்பிக்கில் எல்லா வகுப்புக்கும் எல்லா நிகழ்ச்சியும் வைப்பதில்லை. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஆண்களுக்கான பரிதிவட்டம் 11, 37, 52, 56, 64 ஆகிய வகுப்புகளுக்கு மட்டுமே இருந்தது. 57இல் வந்துவிட்டால் குண்டும் ஈட்டியும் உண்டு, பரிதிவட்டம் இல்லை. 63இல் வந்தால் குண்டு உண்டு. ஆகவே பரிதிவட்டத்தைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டேன் என்று தம்பி பிடிவாதம் பிடிக்கக் கூடாது. பட்டிஸ்டாவே லண்டனில் வெள்ளி வென்றது ஈட்டியில்தான், பரிதிவட்டத்தில் அல்ல. இந்தியாவின் ஹொகாட்டோ செமா என்பவரையும் சொல்ல வேண்டும். நாகாலாந்தைச் சேர்ந்த இராணுவ வீரர், 2002இல் காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர். பாரிஸில் எஃப் 57 குண்டெறிதலில் 14.65 மீற்றர் எறிந்து வெண்கலம் வென்றபோது அவருக்கு 40 வயது. முதல் ஓராண்டுக்குத் தம்பி பரிதிவட்டம், குண்டு, ஈட்டி மூன்றையும் பழகட்டும். மூன்றுக்கும் கதிரை ஒன்றுதான், நடுப்பகுதியின் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கதிரையை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிய தேவை இல்லை. ஒரு நல்ல வெல்டிங் கடைக்காரர் சதுர இரும்புக் குழாயில் செய்துவிடுவார். அவருக்குச் சொல்ல வேண்டியவை இவை. இருக்கையின் உயரம் மெத்தையையும் சேர்த்து 75 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஒரு சென்ரிமீற்றர் குறைத்தே செய்விப்பது புத்தி. பிடிக்கும் தடி ஒரே நேரான துண்டாக, வளையாத கனத்தில் இருக்க வேண்டும்; சுருள் வில்லோ, மூட்டோ, துள்ளித் தரும் எதுவுமோ கூடாது. கட்டும் பட்டிகளும் இழுபடாதவையாக இருக்க வேண்டும். வாகன ஆசனப்பட்டி நாடா நன்றாகப் பொருந்தும். கதிரை முழுவதும் எறிவளையத்துக்குள் அடங்க வேண்டும். எறிந்து முடிக்கும்வரை இருக்கும் பாகம் இருக்கையை விட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் நடுவர் சிவப்புக் கொடியைத்தான் தூக்குவார். அதனால் இடுப்புக்கும் தொடைக்கும் தனித்தனிப் பட்டி போடுங்கள். தடி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தடியை நிலையாக ஒட்டிவிடாமல், இரண்டு மூன்று துளை வைத்து ஆணி பூட்டி மாற்றக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள். எறிந்து பார்த்துப் பொருத்தமான இடத்தைக் கண்ட பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

கதிரையை நிலத்தோடு பிணைப்பதில்தான் நம் மண் சோதனை வைக்கும். சர்வதேச மைதானங்களில் கொங்கிரீற்றில் பதித்த கொக்கிகள் இருக்கும். வலிகாமத்துச் செம்மண்ணில் முழ நீளத்து இரும்பு முளையைச் சாய்த்து அடித்தால் அசையாது. தென்மராட்சி மணலில் அதே முளை நாலாவது எறிதலில் கழன்று வரும். உங்கள் பக்கத்தில் கொங்கிரீற்றுத் தளத்தில் நாலு கொக்கி பதித்துக்கொள்வதே பாதுகாப்பு. கதிரை ஒரு விரலளவு அசைந்தாலும் தூரத்தில் மீற்றர் கணக்கில் நட்டம் வரும், ஆளும் கவிழ்ந்து விழக்கூடும்.

தட்டுக்கு அலைய வேண்டாம். எஃப் 56 ஆண்கள் எறிவது 1 கிலோகிராம் தட்டு, பெண்கள் போட்டியில் பாவிக்கும் அதே தட்டுத்தான். தம்பி படித்த பாடசாலையிலேயே ஒன்று கிடைக்கும், கேட்டால் தருவார்கள். ஆட்கள் நடமாடும் மைதானத்தில் வலைக்கூடு இல்லாமல் எறிய விடாதீர்கள். பழகுபவரின் தட்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

முதல் இரண்டு மாதத்துக்குத் தூரத்தை அளக்கவே வேண்டாம். தடியை இழுத்து நடுப்பகுதியைத் திருப்புவதை மட்டும் பழகட்டும், தட்டுக்குப் பதிலாகப் பாரமான பந்தோடு. செயற்கைக் கால் பாவிப்பவர்களுக்கு ஒரு பக்க இடுப்பு பலவீனமாகவும் முதுகு கோணலாகவும் இருப்பது வழக்கம், ஆகவே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முதலிலேயே காட்டிக்கொள்வது நல்லது. தோளில் வலி வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். கதிரையில் எறிபவருக்குத் தோள் போனால் எல்லாம் போயிற்று. போட்டிக்கும் வகைப்பாட்டுக்கும் கொழும்பிலுள்ள தேசிய பராலிம்பிக் குழுவோடு தொடர்பு கொள்ளுங்கள். மருத்துவ அறிக்கைகளை இப்போதே சேர்த்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

கடைசியாகக் காற்று. பரிதிவட்டம் எதிர்காற்றில் பட்டம் போல மிதந்து ஏறும். பின்காற்றில் அமுங்கிச் சீக்கிரம் விழும். வலக்கைக்காரருக்கு முன்புறத்தில் வலப்பக்கமாக வரும் காற்றே உகந்தது. தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் மாதங்களில் கதிரையைத் தெற்கு நோக்கி வைத்தால் அந்தக் காற்றுச் சரியாகக் கிடைக்கும். தம்பி இடக்கைக்காரர் என்றால் மேற்கு நோக்கி வையுங்கள். எதிர்காற்றில் எறியும்போது தட்டின் முன்விளிம்பை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதைக் கை தானாகப் பழகும். ஆனால் அன்றைய தூரத்தை நம்பிவிட வேண்டாம். காற்றில்லாத காலை வேளையில் எறிந்த தூரத்தை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். வகைப்பாட்டுக்குப் போகும்போது அந்தக் கணக்கும், பக்கவாட்டில் நின்று எடுத்த காணொளி ஒன்றும் கையில் இருக்கட்டும். முதற்கதிரையைச் செய்து முடித்ததும் அளவுகளோடு எனக்கு எழுதுங்கள், தடியின் இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.